சுறா எண்ணெய் பூசிய பிரேக்

எங்கள் மோட்டார் சைக்கிளுக்குச் சுறா எண்ணெய் பூசியது என் மனுசன்தான். நான் கேட்டு அவர் பூசவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் எங்கள் ஊரான வங்காலையில் இந்தக் கதையை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பவர்கள், பழியில் பாதியை எனக்கும் பங்கு வைத்துவிடுகிறார்கள்.

கரையோரக் கிராமங்களின் பெண்கள் சங்கங்களுக்குப் போய்வரும் வெளிக்கள உத்தியோகத்தர் வேலைக்கு நான் விண்ணப்பித்திருந்தேன். நேர்முகத் தேர்வில் தெரிவாகியும் விட்டேன். ஒரேயொரு நிபந்தனைதான் மிச்சம். சொந்தமாக மோட்டார் சைக்கிள் வேண்டும், அது மன்னார் நகரத்து அரசாங்கக் கந்தோரில் நடக்கும் வாகனப் பரிசோதனையில் தேறவும் வேண்டும். வெள்ளிக்கிழமை பின்னேரம் நான்கு மணிதான் கடைசி. அதற்குள் தேறாவிட்டால் வேலை பட்டியலில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும்.

உயர்தரம் படித்துவிட்டு, கலியாணம் முடித்து, ஒன்பது வருடம் வீட்டோடு இருந்தவள் நான். கருவாட்டுக்குக் காகம் கலைத்திருக்கிறேன், அயல் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். யாரும் என்னைக் கொடுமைப்படுத்தவில்லை. ஆனாலும் இது வேண்டும் என்று நானாக ஆசைப்பட்டது இந்த வேலை ஒன்றுக்குத்தான்.

எங்கள் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் ஓடித் தேய்வதில்லை, நின்றே தேய்கிறது. முற்றத்தில் சும்மா நிறுத்தி வைத்தாலும் உப்புக்காற்று வந்து தின்றுவிட்டுப் போகும். பரிசோதனையில் தேறாமல் திரும்பிய ஒவ்வொருவரையும் தேடிப்பிடித்துக் காரணம் கேட்டேன். ஒருவருக்கு ஹோன் அடிக்கவில்லை. ஒருவருக்குப் பின் லைட் எரியவில்லை. செயின் தொய்ந்தவர், டயர் வழுக்கையானவர், கண்ணாடியே இல்லாமல் போய் நின்றவர் என்று பலர். ஆனால் அதிகம் பேரைத் திருப்பி அனுப்பியது துருதான். பக்கத்து வீட்டுக்காரரின் வண்டியில் பட்டறிப் பெட்டிக்குக் கீழே ஸ்க்ரூ ட்ரைவரால் குத்திப் பார்த்தார்களாம், அது பிடிவரை உள்ளே போய்விட்டதாம். அவர் வண்டியை உருட்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்.

நான் டயர் மாற்றினேன், செயின் இறுக்கினேன், எல்லா லைட்டும் ஹோனும் சரிபார்த்தேன். புகைச் சோதனையிலும் தேறிவிட்டது. புதன்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது, "இனித் துரு ஒண்டுக்குத்தான் பயம்" என்று மனுசனிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அவர் பேசாமல் இருந்தால் ஏதோ யோசிக்கிறார் என்று அர்த்தம். அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

என் மனுசன் கடற்தொழிலாளி. எல்லோரும் பைபர் படகுக்கு மாறிய பிறகும் பழைய மர வள்ளம் ஒன்றை விடாமல் வைத்திருப்பவர். மரத்தை உப்பும் புழுவும் அரிக்காமல் இருக்க வருடத்தில் இரண்டு தரம் அதற்குச் சுறா எண்ணெய் பூசுவார். வியாழக்கிழமை நான் அம்மா வீட்டுக்குப் போயிருந்த நேரம், அந்த எண்ணெயையும் தும்புத் தூரிகையையும் எடுத்து மோட்டார் சைக்கிளுக்கும் பூசிவிட்டார். மேலோட்டமாக அல்ல. வள்ளத்தில் பலகையும் பலகையும் சேரும் இடத்தால்தான் தண்ணீர் புகும், ஆகையால் அங்கே கூடுதலாக எண்ணெய் ஊற்றுவது அவர்கள் வழக்கம். மோட்டார் சைக்கிளில் அப்படி ஒரு மூட்டு எங்கே இருக்கிறது என்று தேடியிருக்கிறார். சக்கரச் சில்லின் நடுவில், பிரேக் மூடி வந்து பொருந்துகிற இடத்தில் சுற்றிவர ஓர் இடுக்கு இருக்கிறது. இரண்டு சில்லிலும் அந்த இடுக்கு நிறைய ஊற்றிவிட்டார்.

நான் வந்து பார்த்தபோது வண்டி மினுங்கியது. நாற்றம்தான் தாங்க முடியவில்லை. "மணம் போயிடும், துரு வராது" என்றார். நான் சிரித்தேன். சும்மா சொல்லக்கூடாது, அந்த நேரம் எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை புறப்பட்டேன். சைலன்சர் சூடாகச் சூடாக மீன் பொரிக்கிற வாசம் கிளம்பியது. ஊர் எல்லை வரைக்கும் இரண்டு நாய்கள் மரியாதையாகக் கூடவே ஓடி வந்தன. மன்னார் நகரத்துக்குப் போகும் பெரிய பாலத்தில் காற்று வாசத்தைப் பின்னால் அள்ளிக்கொண்டு போனதால் எனக்கு நிம்மதி, பின்னால் வந்த ஆட்டோக்காரருக்கு நிம்மதியில்லை.

பாலம் கடந்து நகரத்துக்குள் நுழையும் இடத்தில் நடுரோட்டில் ஒரு கழுதை. மன்னாரில் கழுதைதான் ரோட்டுக்குச் சொந்தக்காரன், நாங்கள்தான் வழி கேட்டுப் போக வேண்டும். நேர் ரோட்டில் அதுவரை பிரேக்குக்கு வேலையே வரவில்லை. பிரேக்கை மிதித்தேன், கால் உள்ளே போனது, வண்டி நிற்கவில்லை. கைப் பிரேக்கைப் பிடித்தேன், அதுவும் அப்படியே. இரண்டு செருப்பையும் ரோட்டில் தேய்த்து, "மாதாவே!" என்று கத்தி, கழுதைக்கு ஒரு முழம் முன்னால் நின்றேன். அது என்னைப் பார்த்தது. மெல்ல மூக்கை நீட்டி வண்டியை மோந்து பார்த்தது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது.

கந்தோர் முற்றத்தில் வெள்ளைக் கோடு போட்டிருந்தார்கள். கோட்டுக்கு முன்னால் நிறுத்த வேண்டும். நான் கோட்டையும் தாண்டி, பூச்சாடியையும் தாண்டி, மதிலடியில் போய் நின்றேன். பரிசோதகர் நடுத்தர வயது மனிதர், கோபிக்கத் தெரியாதவர். மூக்கைச் சுளித்துக்கொண்டே தாளில் எழுதினார்.

"பிரேக் இல்லை, தங்கச்சி. மற்றதெல்லாம் பிறகு பாப்பம். நாலு மணிக்கு முதல் சரி பண்ணிக்கொண்டு வாங்கோ."

வெளியே வந்து மனுசனுக்குத் தொலைபேசி எடுத்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருவது ஊருக்கே தெரியும்.

"பிரேக் பிடிக்குதில்லை! எண்ணெய் ஊத்தி என்ர வேலையைக் கெடுத்துப்போட்டீங்கள்! ஆர் உங்களை அதில கை வைக்கச் சொன்னது? வள்ளத்தோட நிக்கத் தெரியாதோ?"

தெருவில் நின்ற ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் வைத்துவிட்டேன்.

உப்புக்குளம் பகுதியில் ஒரு கராஜுக்கு வண்டியை உருட்டிக்கொண்டு போனேன். கராஜ் வைத்திருந்த முஸ்லிம் அண்ணன், எங்களுக்கு நானா, பின் சில்லைக் கழற்றி மூடியைத் திறந்தார். எண்ணெய் வழிந்து அவருடைய காலில் ஊற்றியது.

"யா அல்லாஹ்! தங்கச்சி, இது பிரேக்கோ மீன் குழம்போ?"

விசயத்தைச் சொன்னேன். அவர் நிலத்தில் குந்திவிட்டார், அப்படிச் சிரிப்பு. "எண்ணெய் குடிச்ச பிரேக் கட்டை இனிப் பிடிக்காது. ரெண்டு சில்லுக்கும் புதுசு போடவேணும்" என்றார். சொல்லிக்கொண்டே கையைத் துடைத்தார். பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. வெள்ளிக்கிழமை, ஜும்ஆ. கராஜும் பூட்டு, சாமான் கடையும் பூட்டு.

"பயப்படாதேங்கோ, தொழுதிட்டு வாறன். வரக்குள்ள கட்டையும் வாங்கிக்கொண்டு வாறன்."

கழற்றிய சில்லுக்குப் பக்கத்தில், பழைய டயர் ஒன்றின் மேல் குந்தியிருந்தேன். நானாவின் வீட்டிலிருந்து தேத்தண்ணீர் வந்தது. குடித்தேன், ருசி தெரியவில்லை. பட்டியலில் அடுத்து நிற்பவள் யாராக இருக்கும் என்று யோசித்தேன். நல்ல பிரேக் உள்ளவளாக இருப்பாள். கோபம் வடிய வடிய, தொலைபேசியில் அவர் பேசாமல் இருந்தது நினைவுக்கு வந்து நெஞ்சை அரித்தது.

நானா சொன்ன சொல் தவறாமல் வந்தார். சில்லின் உட்புறத்தைப் பெற்றோலால் கழுவி, அரத்தாளால் தேய்த்து, புதுக் கட்டை பூட்டினார். முன் சில்லுக்கும் அதே வேலை. "இனிச் சுவரில முட்டமாட்டீங்கள்" என்று அனுப்பிவைத்தபோது மணி மூன்றரை தாண்டிவிட்டது.

கந்தோர் முற்றத்துக்குள் நுழைந்தால், பரிசோதகருக்கு முன்னால் என் மனுசன் நிற்கிறார். பூசைக்குப் போகிற வெள்ளைச் சேட்டும் காற்சட்டையும். கந்தோர் என்றாலே பத்து அடி தள்ளி நிற்கிற மனிதர், பஸ் ஏறி வந்திருக்கிறார். நான் வந்ததைக் கவனிக்காமல் பேசிக்கொண்டிருந்தார்.

"பிழை என்ர, சேர். அவவின்ர இல்லை. நான்தான் எண்ணெய் ஊத்தினனான். அவவைத் திருப்பி அனுப்பிப்போடாதேங்கோ. ஒன்பது வருசம் வீட்டுக்குள்ளயே இருந்தவ, சேர்."

அந்த ஒன்பது வருடத்தை நான் மட்டும்தான் எண்ணிக்கொண்டிருந்தேன் என்று நினைத்திருந்தேன். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஹோனை அடித்துச் சமாளித்தேன்.

பரிசோதகர் கோட்டைக் காட்டினார். வண்டியை ஓட்டிவந்து பிரேக்கை மிதித்தேன். கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் வண்டி நின்றது. லைட், கண்ணாடி, செயின், டயர் எல்லாம் பார்த்தார். பிறகு ஸ்க்ரூ ட்ரைவரை எடுத்துக் குனிந்தார். பட்டறிப் பெட்டிக்குக் கீழே குத்தினார். டங் என்றது. பின் சில்லைத் தாங்கும் கம்பியில் குத்தினார், அங்கும் டங். எண்ணெயை விரலால் வழித்து அதன் கீழ் இரும்பைத் தடவிப் பார்த்தார்.

"கரையில இருந்து வந்த வண்டி இப்பிடி இரும்போட வந்து நான் காணேல்லை. முந்தியும் பூசினனீங்களோ?"

மனுசன் என்னைப் பார்த்தார், பிறகு நிலத்தைப் பார்த்தார். "ஓம், சேர். வள்ளத்துக்குப் பூசேக்க மிஞ்சிறதை அடியில மட்டும் பூசி விடுறனான். அவ காணாம."

வாங்கிய நாளிலிருந்து வருடத்துக்கு இரண்டு தரம் பூசியிருக்கிறார். நானும் அந்த வண்டியை நாள் தவறாமல் கழுவித் துடைத்திருக்கிறேன், ஒருநாளும் குனிந்து அடியைப் பார்த்ததில்லை. வள்ளத்துக்குப் பூசுகிற நாட்களில் முற்றமே எண்ணெய் மணக்கும், அதில் இந்த மணம் பிரிந்து தெரியவுமில்லை.

நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் தாளில் 'தேறியது' என்று விழுந்தது. பரிசோதகர் மூலையில் நின்ற தன்னுடைய துருப்பிடித்த மோட்டார் சைக்கிளைக் காட்டி, அந்த எண்ணெய் எங்கே எடுக்கலாம் என்று கேட்டார். மனுசன் விளக்கிய விளக்கம் ஒரு பிரசங்கம். இடுக்குக்குள் மட்டும் ஊற்றக்கூடாது என்று இரண்டு தரம் அழுத்திச் சொன்னார்.

திரும்பும்போது அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டேன். நான் ஓட்ட, அவர் பின்னால் உட்கார்ந்து வந்தது அதுவே முதல் தடவை. பாலத்தடிக்குக் கிட்ட வந்ததும் சொன்னேன்.

"காலமை அப்பிடிப் பேசினதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"என்ன?" காற்றில் அவருக்குக் கேட்கவில்லை.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டனான்!" என்று கத்தினேன்.

"அது கிடக்கட்டும். முன்னுக்குப் பார். கழுதை!"

காலையில் கண்ட அதே கழுதைதான், அதே நடுரோட்டில். பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றது. பின்னால் என் தோளைப் பிடித்திருந்த கை, எண்ணெய் மணக்கிற அந்தக் கை, மெல்லத் தட்டியது.

"பிடிக்குது" என்றார். "நீ வேலைக்குப் போகலாம்."