பழ ஈ தின்னும் தவளைகள்

வாழைப்பழம் அழுகும் நாற்றத்தை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. மும்பையில் மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு வெளியே, பூக்கடைகளைத் தாண்டி, பழவண்டி நிற்கும் இடத்தில் மழைக்காலம் முழுக்க அது கிடக்கும். பாதி இனிப்பு, பாதி கள். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிறார்கள். நான் நின்றுவிடுகிறேன். நின்ற இடத்திலிருந்தே திலக் நகருக்கு, அக்காவின் சமையலறைக்குப் போய்விடுகிறேன்.

அங்கே அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் துணியால் வாய் கட்டிய பிளாஸ்டிக் டப்பாக்கள் இருக்கும். அடியில் மசித்த வாழைப்பழமும் ஈஸ்டும். மேலே, பறக்கத் தெரியாத பழ ஈக்கள். அக்கா அவற்றை வளர்த்தாள், தவளைகளுக்குத் தீனியாக.

தவளைகள் அத்தானுடையவை. செம்பூரில் வண்ண மீன் கடை வைத்திருக்கிறார் அத்தான். ஹாலில் கண்ணாடிப் பெட்டி, பாசி, விளக்கு. உள்ளே கட்டைவிரல் அளவில் நீலம். அந்த நீலத்தை எழுதப் பார்த்துப் பலமுறை தோற்றிருக்கிறேன். பெரிய வாடிக்கையாளர்களை வீட்டுக்கே கூட்டிவந்து காட்டுவார். கையில் கிளவ்ஸ் மாட்டிக்கொண்டுதான் மூடியைத் தொடுவார். "தொட்டா ஆளு காலி. காட்டுல அம்பு நுனியில தடவுதது இதத்தான்" என்பார். வந்தவர்கள் சோபாவில் காலைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள்.

நான் அந்தேரியில் ஒரு டப்பிங் ஸ்டுடியோவுக்கு எழுதிப் பிழைக்கிறேன். காட்டுயிர்ப் படங்களில் வரும் புலிக்கும் திமிங்கலத்துக்கும் தமிழ் கொடுக்கும் வேலை. ஒருமுறை இந்தத் தவளைகளே வந்தன. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அந்த விஷம் அவற்றின் சொந்தச் சரக்கு இல்லை என்று. காட்டில் சருகுக்கு அடியில் தின்னும் எறும்பிலும் சிற்றுண்ணியிலும் இருக்கிற கசப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தோலுக்கு ஏறுகிறது. கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே பிறந்து பழ ஈ தின்று வளர்ந்த தவளைக்கு நிறம் மட்டும்தான். விஷம் கிடையாது.

அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். சிரித்தாள்.

"தெரியும்ட்டி. பெட்டி கழுவும்போது வெறுங்கையாலதான அள்ளுதேன். அவியகிட்ட சொல்லிராத, பாவம்."

தாராவியில் எங்கள் சந்துக்கு இருந்த ஒரே குழாயில் வளர்ந்த நாக்கு அக்காவுடையது. விடியும் முன் வரிசை, குடத்தோடு குடம் இடிக்கும் சத்தம், தோல் பட்டறை நாற்றம், முறை தவறி நுழைபவனின் முழங்கை. இதையெல்லாம்தான் அவள் தின்றாள். கடைசி வீட்டுக்காரர் திருட்டு மோட்டார் வைத்தபோது ஆண்கள் எல்லாம் முணுமுணுத்துக்கொண்டிருக்க, அவள் நடுச்சந்தில் நின்று கேட்டாள்: "அண்ணாச்சி, இந்த உறிஞ்சு உறிஞ்சுதீயளே, வீட்டுல ஆனையா கட்டிப் போட்டிருக்கிய?" அன்று முதல் அவருக்கு யானைக்காரர் என்றே பெயர். மோட்டார் போய்விட்டது. பெயர் போகவில்லை.

திலக் நகரில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது. வேளாவேளைக்குச் சோறு, வெள்ளிக்கிழமை கோயில், ஞாயிற்றுக்கிழமை மால். யாரோடும் இடிக்க வேண்டியதில்லை.

போன மழைக்கு முன்னால் அம்மா இருந்த மாடிக் கோலியை, அந்த ஒற்றை அறையை, வீட்டுக்காரர் இடிக்கக் கொடுத்துவிட்டார். மேலே வாடகைக்கு இருப்பவர்களுக்கு மாற்று வீடு ஒன்றும் இல்லை என்றார்கள். நான் கோபர்கைரனேயில் பெண்கள் விடுதியில் ஒரு கட்டிலில் இருப்பவள். விருந்தாளி ஒரு ராத்திரி தங்கினாலே அங்கே பேச்சு. அக்காதான் சொன்னாள்: "இங்க வரட்டும்ட்டி. அவியகிட்ட நான் பேசிக்கிடுதேன்."

மகள் வீட்டில் போய் உட்கார அம்மாவுக்கு மனமில்லை. "மருமவன் மொகத்துல எப்படிட்டி முழிக்க?" என்று நாலு நாள் இழுத்தாள். பிறகு ஸ்டவ்வைச் சாக்கில் கட்டிக்கொண்டு என்னோடு வந்தாள். அது எதற்கு என்றால், "அவளுக்குப் பாரமா இருக்கக் கூடாதுல்லா, தனியாப் பொங்கிக்கிடுவேன்" என்றாள்.

அத்தான் வாங்க என்றார். காபி வந்தது. சாக்கைப் பார்த்தார்.

"அத்தை, இருக்கதப் பத்தி எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா இது வெஷத் தவள இருக்க வீடு. உங்களுக்குக் கண்ணு வேற மங்கல். தெரியாம கைய வச்சி ஏதாவது ஆச்சின்னா, நாளைக்கு ஊரு என்னையில்லா சொல்லும்?"

"அதுல வெஷமே கிடையாது அத்தான்" என்றேன். எறும்பு, உண்ணி, பழ ஈ எல்லாம் சொன்னேன். நான் எழுதிய வசனத்தை நானே ஒப்பிப்பதுபோல் இருந்தது.

"டீவியில ஆயிரம் சொல்லுவான். பாம்பே காலேஜ்ல படிச்சவ நீ. நான் தவள விக்கவன்." அக்கா பக்கம் திரும்பினார். "டெய்லி பாக்கவ அவ. அவளே சொல்லட்டும்."

அக்கா எழுந்தாள். கண்ணாடிப் பெட்டிக்கு அருகே போனாள். அவள் வாயைக்கூடத் திறக்க வேண்டாம். மூடியைத் தூக்கி, தினமும் செய்வதுபோல் வெறுங்கையை உள்ளே விட்டால் போதும். அம்மாவுக்கு இடம் கிடைத்துவிடும். பழைய அக்கா ஒரு தவளையை எடுத்து அத்தானின் காபி தம்ளருக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பாள்.

அவள் அலமாரியைத் திறந்து கிளவ்ஸை எடுத்தாள். ஒவ்வொரு விரலாக மாட்டினாள். "ஜாக்கிரதையாத்தாம்மா இருக்கணும்" என்றாள், பெட்டியைப் பார்த்தபடி.

சமையலறையில் அவளைப் பிடித்தேன். "ஏன்க்கா?"

"நீ பேசிட்டு ட்ரெயின் ஏறிருவ. நான் பேசிட்டு எங்கட்டி போவேன்?" குரலைத் தணித்தாள். "வாயில ஒண்ணும் வரமாட்டேங்கு. நெசமாத்தான். முந்தி மாதிரி வரமாட்டேங்கு."

எனக்கு அவளை அறையவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டும் செய்யவில்லை. அரிசி டப்பா பக்கமிருந்து பழ நாற்றம் வந்தது.

பழைய சந்தின் மதினி ஒருத்திக்குப் போன் செய்தேன். அவள் முழுதாகக் கேட்கவில்லை. "கூட்டிட்டு வா, பரண்ல எடம் இருக்கு" என்றாள். ஸ்டவ் சாக்கை நான் தூக்கிக்கொண்டேன். சொசைட்டி கேட்டில் ஆட்டோ வந்து நின்றபோதும் அக்கா கிளவ்ஸைக் கழற்றியிருக்கவில்லை. அந்தக் கையாலேயே அம்மாவின் முந்தானையைப் பிடித்தாள்.

"கோவமாம்மா? போய்ச் சேந்ததும் போன் பண்ணு."

அம்மா முந்தானையை மெல்ல உருவிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.

"உள்ள போட்டி. தவளைக்குச் சோத்து நேரமாச்சில்லா."