பிள்ளை நல்ல நிறம்

அன்று காலை அந்த அறையில் ஐந்து பேர் இருந்தோம். கட்டிலில் சாய்ந்திருந்த அக்கா, அவள் பக்கத்தில் பிறந்து ஐந்து நாளான அவளுடைய மகள், எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்த அம்மா, பிள்ளை பார்க்க வந்த எதிர்வீட்டு மதினி, வேலைக்குக் கிளம்பி நிலைப்படியில் நின்ற நான். இல்லாதவர்கள் மூன்று பேர். மச்சான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார், லீவு ஞாயிற்றுக்கிழமைதான். அப்பா மேலூர்ப் பக்கம் கதிர் அறுக்கும் மெஷினோடு போயிருந்தார். வீட்டுக்கே வந்து பிள்ளையைப் பார்த்துப்போகும் நர்ஸம்மா முந்தின நாள் வருவதாகச் சொல்லியிருந்தார், வரவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனாலும் அந்த மூன்று பேரில் அவர் ஒருவர் வந்திருந்தால் என்று நினைக்காத நாள் கிடையாது.

"பிள்ளை நல்ல நெறம்டி," என்றார் மதினி. "உங்க வம்சத்துல யாருடி இருக்கா இம்புட்டு நெறமா? உங்கப்பா கரிச்சட்டி. உன் தம்பி அதுக்கு ஏத்த மூடி."

"எல்லாம் அவ அப்பன் வழி," என்று அம்மா சிரித்தாள். "பொறந்தப்பக்கூட இப்பிடி இல்ல. நாளுக்கு நாள் நெறம் ஏறுது பாரு, தங்கம் மாதிரி."

"கட்டிக்குடுக்கையில ரெண்டு பவுனு மிச்சம்."

நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

நான் தெற்குவாசல் பக்கம் ஒரு பெயிண்ட் கடையில் வேலை பார்க்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். அதற்கு மேல் இயற்பியலில் ஒரு பட்டமும் உண்டு. கடையில் நிறம் கலக்கும் மெஷின் என் பொறுப்பு. கம்பெனிக்காரர்கள் கொடுத்த ஒரு சின்னப் புத்தகம் கல்லாவுக்குக் கீழே இருக்கும். எந்த நிறம் மனசை என்ன செய்யும் என்று அதில் போட்டிருந்தது. மஞ்சள் சந்தோஷம் தரும், நீலம் அமைதி தரும், பச்சை கண்ணுக்கு ஓய்வு, சிவப்பு பசியையும் கோபத்தையும் தூண்டும். பரீட்சைக்குப் படிப்பதுபோல் அதைப் படித்து வைத்திருந்தேன். தூக்கம் வராதவர்களுக்கு இளநீலம் சொன்னேன். படிக்காத பையன்களின் அறைக்குப் பச்சை சொன்னேன். "படிச்ச தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று வாங்கிப் போவார்கள். அச்சில் வந்ததைச் சந்தேகப்பட எனக்கு வீட்டில் யாரும் கற்றுத்தரவில்லை. அங்கே வாசிக்கத் தெரிந்தவனே நான்தானே.

அக்காவுக்கு முதல் கர்ப்பம் ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோனது. இரண்டாவதுக்கு வளைகாப்பு முடிந்து வில்லாபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தவள், சுவரைப் பார்த்தபடியே படுத்துக் கிடந்தாள். சாப்பிடக் கூப்பிட்டால் வருவாள், பேச்சு மட்டும் இருக்காது. அந்த அறையில் பழைய நீலம், பாதி உரிந்து கிடந்தது.

"இந்த நீலத்தப் பாத்தாலே ஆஸ்பத்திரி ஞாவகம் வருதுடா," என்றாள் ஒருநாள்.

எனக்கு அது போதும். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சுரண்டி, பட்டி பூசிச் சமப்படுத்தி, நானே கலந்த மஞ்சளை இரண்டு கோட்டிங் அடித்தேன். அதே நிறத்தில் ஜன்னலுக்குத் திரை. டியூப்லைட்டைக் கழற்றிவிட்டு மஞ்சள் வெளிச்சம் தரும் பல்பு. உள்ளதைச் சொல்ல வேண்டும்: அது வேலை செய்தது. மூன்றாம் நாள் அக்கா எழுந்து உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டாள். ஒரு வாரத்தில் அம்மாவோடு சண்டை போடும் அளவுக்குத் தேறினாள். "எலுமிச்சம்பழத்துக்குள்ள குடியிருக்க மாதிரி இருக்குடா" என்றாள். அதனால்தான் இன்றுவரை அந்தப் புத்தகத்தைப் பொய் என்று என்னால் தள்ள முடியவில்லை.

பெரியாஸ்பத்திரியில் சுகப்பிரசவம். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிள்ளை அந்த அறைக்குள் வந்தது. திரையை மூடி வைத்தோம். வந்து பார்த்தவர்கள் எல்லோரும் நிறத்தைத்தான் பேசினார்கள்.

மதினி போனதும் அக்கா என்னைக் கூப்பிட்டாள். "நேத்துலருந்து இவ சரியாக் குடிக்கலடா. வாயில வச்சா ரெண்டு இழுப்பு இழுத்துட்டுத் தூங்கிர்றா."

"சமத்துப் பிள்ளை," என்றாள் அம்மா. "நீயெல்லாம் ஊரையே எழுப்புவ. இது அழுகுதா பாரு."

"அதாம்மா சொல்றேன். அழுகவே மாட்டேங்குறா."

அம்மா பிள்ளையின் உள்ளங்காலைச் சுண்டினாள். பிள்ளை முகத்தைச் சுளித்தது, சத்தம் வரவில்லை. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன.

"நீ கலர் பாக்குறவன்தான? நல்லாப் பாத்துச் சொல்லு. இது நெறமாடா?"

நான் பார்த்தேன். மஞ்சள் சுவர், மஞ்சள் திரை, மஞ்சள் பல்பு. அதற்கு நடுவில் பிள்ளை அழகாகத்தான் இருந்தது. அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது. கடையில் சேர்ந்த முதல் வாரம் முதலாளி சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று: கடைக்குள் வைத்து யாருக்கும் நிறம் காட்டாதே, சுத்தி இருக்கிற நிறமெல்லாம் அதில் ஏறிக்கொள்ளும், வாசலுக்குக் கொண்டுபோய் வெள்ளைத் தாள் மேல் வைத்துக் காட்டு. தினமும் பத்துப் பேருக்கு நான் செய்கிற காரியம் அது.

பிள்ளையைத் தூக்கினேன்.

"டேய், அஞ்சு நாப் பிள்ளைய வெளிய கொண்டு போகாத! காத்து கருப்பு அடிச்சுரும்," என்று அம்மா பின்னாலேயே ஓடி வந்தாள்.

தெருவில் எட்டரை மணி வெயில். சட்டைப்பையில் இருந்த பெரியாஸ்பத்திரிச் சீட்டை எடுத்துத் திருப்பி, எழுதாத பக்கத்தைப் பிள்ளையின் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்தேன். நெற்றியில் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தேன். விரல் பட்ட இடம் வெளுக்கவில்லை, மஞ்சளாக இருந்தது. நெஞ்சில் அழுத்தினேன், மஞ்சள். தொடையில், மஞ்சள். கண் இமையை மெதுவாக விலக்கினேன். வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை இல்லை. எங்கள் ஷேடு கார்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் எண் உண்டு. அந்த நிறத்தின் எண் கேட்காமலே என் மனதில் வந்து நின்றது. சுவருக்கு நான் கலந்ததைவிட இரண்டு கட்டம் அழுத்தமானது.

"அம்மா, ஆட்டோவக் கூப்பிடு," என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவது மாதிரி இருந்தது.

பெரியாஸ்பத்திரிக்குத்தான் கிளம்பினோம். வழியில் பிள்ளையின் கை தொங்கிவிட்டது. தூக்கி வைத்தால் மறுபடி தொங்கியது. அக்கா, "மூச்சு இருக்காடா, மூச்சு இருக்காடா" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "அண்ணே, அம்புட்டுத் தூரம் வேணாம். இந்தா திரும்புனா ஒரு பிள்ளைங்க ஆஸ்பத்திரி" என்று வண்டியைத் திருப்பினார். நாங்கள் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

டாக்டரம்மா ஒரு பார்வைதான் பார்த்தார். குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். அரை மணி நேரத்தில் ரிசல்ட்: மஞ்சள் காமாலை அளவு இருபத்தொன்று. அக்காவுக்கு ஓ வகை ரத்தம், பிள்ளைக்கு பி. இரண்டும் ஒத்துக்கொள்ளாமல் பிள்ளையின் ரத்தம் உடைகிறது என்றார்.

"இப்ப லைட்டுல வைக்கிறோம். நாலு மணி நேரம் கழிச்சு மறுபடி பாப்போம். எறங்கினா நல்லது. ஏறுச்சுன்னா பிள்ளை ஒடம்புல இருக்க ரத்தத்தையே மாத்தணும். இதுக்கு மேல போனா மூளைக்குப் போயிரும், காதையும் தொடும். ஏன் இம்புட்டு நாளா விட்டீங்க? தெரியலையா?"

நான் சுவரைப் பற்றிச் சொன்னேன். யாரும் கேட்காத விவரமெல்லாம், திரை, பல்பு எல்லாம், சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "செவுத்தால காமாலை வராது தம்பி. ஆனா அந்த ரூமுக்குள்ள வந்து பாத்திருந்தா நானே ஏமாந்திருப்பேன்."

அது ஆறுதலா இல்லையா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

பிள்ளையின் உடுப்பைக் கழற்றி, கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டி, ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் படுக்க வைத்தார்கள். மேலும் கீழும் நீல விளக்குகள். இப்படி ஒரு நீலத்தை எந்தக் கார்டிலும் நான் பார்த்ததில்லை. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்த அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீலம் பாரிச்சுப் போச்சே... விசம் ஏறுன மாதிரி..."

"அது லைட்டுக்கா. பிள்ளை இல்ல, லைட்டு."

"அப்ப அவ என்ன நெறத்துல இருக்கான்னு எப்பிடிடா தெரியும்?"

காலையில் மஞ்சளுக்குள் மறைந்த பிள்ளை இப்போது நீலத்துக்குள் மறைந்திருந்தது. நிறம் பார்ப்பது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த தொழில், அந்தக் கதவுக்கு முன்னால் அது எதற்கும் உதவவில்லை. நான்கு மணி நேரமும் பிள்ளையின் வலது காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அசைந்தால் ஒரு நிமிஷம் மூச்சு விட்டேன். பிறகு அடுத்த அசைவு வரவில்லையே என்று பதறினேன். நீலம் அமைதி தரும் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

அம்மா வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். ஒரு தடவை என் முன்னால் நின்று, "படிச்சவன் படிச்சவன்னு உன் பேச்சக் கேட்டேன்ல," என்றாள். அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே, "நெறம் ஏறுதுன்னு நாந்தான சிரிச்சேன்" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

காலையிலேயே மச்சானுக்குத் தகவல் சொல்லியிருந்தேன், ஒரு மணிக்கு அவர் போன் பண்ணினார். பஸ்ஸில் இருந்தார், இரைச்சல்.

"மாப்ள, உண்மையச் சொல்லு. பிள்ளை இருக்கா?"

"இருக்கா மச்சான்."

"ஒங்கக்கா பக்கத்துல இருக்கதால சொல்றியா?"

"இல்ல மச்சான். தள்ளி நின்னுதான் பேசுறேன். இருக்கா."

அவர் அழுதது பஸ் சத்தத்தையும் மீறிக் கேட்டது. "வாரேன், வாரேன்" என்று சொல்லிக்கொண்டே போனை வைத்தார்.

இரண்டரை மணிக்கு இரண்டாவது ரிசல்ட்: இருபது. டாக்டரம்மா, "ஏறல" என்று மட்டும் சொன்னார். இறங்கியது என்று சொல்லவில்லை. மாலையில் பதினெட்டரை. மறுநாள் பதினைந்து. அன்று பிள்ளை பசிக்கு வீறிட்டது. அக்கா, அம்மா, அதற்குள் வந்து சேர்ந்துவிட்ட மச்சான் மூவரும் அந்தச் சத்தத்தை வாயைத் திறந்துகொண்டு கேட்டார்கள். பக்கத்துப் படுக்கைக்காரம்மா, "பிள்ளை அழுகுது, சிரிச்சுக்கிட்டு நிக்கிறாக பாரு" என்று திட்டினார். மூன்றாம் நாள் அனுப்பிவிட்டார்கள். அனுப்பும்போது டாக்டரம்மா சீட்டில் ஒரு வரி எழுதினார்: மூன்று மாதத்தில் காது கேட்கும் திறனைப் பரிசோதிக்க வேண்டும்.

அந்த வரியை வீட்டில் வாசிக்கத் தெரிந்தவன் நான் மட்டும். மச்சானிடம் சொன்னேன். அக்காவிடம் சொல்ல ஒரு வாரம் ஆனது.

அறைக்கு வெள்ளை அடித்தேன். திரையை எடுத்தேன். ஆனால் பயம் வேறு இடத்துக்குக் குடிபோனது. பிள்ளையின் தலைக்குப் பின்னால் நின்று கைதட்டிப் பார்ப்பேன். அம்மா அடுக்களையில் வேண்டுமென்றே தம்ளரைக் கீழே போடுவாள். பிள்ளை திடுக்கிட்டால் தரையின் அதிர்வுக்காக இருக்குமோ என்று தோன்றும். திடுக்கிடாவிட்டால் கேட்கவே வேண்டாம், அன்று யாருக்கும் சோறு இறங்காது. அக்கா மறுபடி பேச்சைக் குறைத்துக்கொண்டாள். பிள்ளையோடு மட்டும் பேசிக்கொண்டே இருந்தாள், நிறுத்தாமல், கேட்கிறதா என்று முகத்தைப் பார்த்துக்கொண்டே. கடையில் பிள்ளைபெறப் போகிறவளின் அறைக்கு நிறம் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் வெள்ளை சொன்னேன். முதலாளி, "நீ பெயிண்ட் விக்கிறியா, சுண்ணாம்பு விக்கிறியாடா?" என்றார். காரணத்தைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவரே வெள்ளை டின்னை எடுத்துக் கொடுத்தார்.

மூன்று மாதம் முடிந்ததும் பரிசோதனைக்குப் போனோம். இந்த முறை அப்பாவும் வந்தார். பிள்ளையைத் தூங்கவைத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டி, அக்காவைத் தவிர எங்கள் எல்லோரையும் வெளியே அனுப்பினார்கள். முக்கால் மணி நேரம். அப்பா சுவரில் ஒட்டியிருந்த தாள்களை, வாசிக்கத் தெரிந்தவர்போல், ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றார். கதவு திறந்து அக்கா வந்தாள். தோளில் பிள்ளை விழித்திருந்தது. என் கையில் காகிதத்தைக் கொடுத்தாள். நான் வாசித்தேன். மறுபடி ஒரு தடவை வாசித்தேன்.

"ரெண்டு காதும் கேக்குது," என்றேன்.

அம்மா பிள்ளையை வாங்கி, அதன் காதிலேயே, "கேக்குதாம்டி" என்றாள். அக்கா பெஞ்சில் உட்கார்ந்து, மூன்று மாதமாக அடக்கி வைத்திருந்ததை எல்லாம் அழுதாள்.

ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போது அப்பா என் பையைக் காட்டினார். எல்லா ரசீதும் அதில்தான் இருந்தன. "ஒண்ணொண்ணா வாசிடா. என்னன்னு நானும் தெரிஞ்சுக்கிறேன்."

வாசித்தேன். ரத்தப் பரிசோதனை ஒன்பது தடவை. நீல விளக்கு மூன்று நாள். படுக்கை. மருந்து. ஆட்டோ. இன்றைக்குக் காதுப் பரிசோதனை. அவர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார்.

"மொத்தம் எம்புட்டு?"

"முப்பத்தோராயிரத்து இருநூத்தி நாப்பது ரூவாப்பா."

"ரெண்டு அறுப்பு சேத்துப் போனா அடைச்சிரலாம்," என்று அப்பா பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.