வடக்கு வீதியில் நின்ற நேர்த்தி

என் கணவரின் கட்டிற்காலில் ஒரு பழைய நூல்சேலை கட்டியிருக்கிறது. நீளவாக்கில் கிழித்து, கயிறுபோல முறுக்கி, மூன்று முடிச்சுப் போட்டது. கட்டிற்காலோடு ஒரு முடிச்சு, நடுவில் ஒன்று, நுனியில் ஒன்று. ஒரு காலத்தில் அது மஞ்சள் நிறம். ஒன்பது வருடமாகக் கைபட்டும் தோய்த்தும் இப்போது அதற்கு இன்ன நிறம் என்று சொல்ல முடியாது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, நல்ல கயிறாக ஒன்று வாங்கிக் கட்டக்கூடாதா என்று கேட்பார்கள். நான் தேத்தண்ணீர் வைக்கப் போய்விடுவேன். அந்தச் சேலையில், முழங்கால் பட்ட இடத்தில், ஒரு கிழிசல் இருக்கிறது. எங்கள் ஊர்க் கோயில் வீதி மணலில் உரஞ்சிக் கிழிந்தது அது. அன்று அதை உடுத்தியிருந்தவர் என் மச்சாள், கணவரின் தமக்கை.

கணவருக்குப் பாரிசவாதம் வந்தபோது வயது ஐம்பத்தொன்று. சுன்னாகத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் தோட்டக்காணி. ஒரு விடிகாலை வெங்காயத்துக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றவர் அப்படியே வரம்பில் சரிந்துவிட்டார். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே நாளில் போயின. கோபத்தில்கூட என்னை 'நீர்' என்று மரியாதையாகக் கதைக்கும் மனிதர் அவர். 'இஞ்சாரும்' என்று அவர் கூப்பிட்டால் அடுப்படியில் எந்த மூலையில் நின்றாலும் எனக்குக் கேட்கும். அந்தக் குரல் நின்றுபோனது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் திருநெல்வேலியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அவரை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த மறுநாள், இரண்டு ஒழுங்கை தள்ளித் தனியே இருந்த மச்சாள் ஒரு பையோடு வந்து, "இனி நான் இஞ்சைதான் ரீச்சர், நீர் வேலைக்குப் போம்" என்றார். என்னை அவர் எப்போதும் அப்படித்தான் பகிடியாகக் கூப்பிடுவார்.

அவருடைய வணக்கம் எனக்குப் பிடிக்கவே இல்லை. விடியவே தம்பியைப் புரட்டித் துடைத்து, துணி மாற்றி, கஞ்சி கொடுத்துவிட்டுச் சாமியறைக்குப் போவார். விளக்கைக் கொளுத்துவார். தேவாரம் இல்லை, மந்திரம் இல்லை. முருகன் படத்துக்கு முன்னால் நின்று, பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வதுபோல, "முருகா, எனக்கு ஏலாதப்பு" என்பார். அவ்வளவுதான். பிறகு சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அன்றைய வேலை முழுவதையும் செய்வார். அரியாலையில் என் தகப்பன் எங்களை வளர்த்த விதம் வேறு. திருநீறு பூசி, பதிகத்தைப் பிழையில்லாமல் பாடி, கேட்க வேண்டியதை மனதுக்குள் ஒழுங்காகக் கேட்க வேண்டும். கடவுளுக்கு முன்னால் முறைப்பாடு சொல்வது எங்கள் வீட்டில் குற்றம். போதாததற்கு, 'ஏலாது' என்பது என் வகுப்பில் தடைசெய்த சொல். கணக்கு ஏலாது என்று எந்தப் பிள்ளையாவது வாய் திறந்தால் எழும்பி நிற்க வேண்டும். வீட்டுக்குள்ளே ஒருவர் நாள் தவறாமல் அதையே சாமிக்குச் சொல்வதைக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த நாள்களில் நான் கும்பிடுவதை விட்டிருந்தேன். அதை ஒரு கொள்கை என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது களைப்பு. பலாலி வீதியில் பஸ் ஏறி இருந்தால், இது எங்கும் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கக்கூடாதா என்று தோன்றும். இந்த மனிதர் வரம்பிலேயே போயிருந்தால் அவருக்கும் சுகம், எனக்கும் சுகம் என்று ஒருநாள் நினைத்தேன். நினைத்தது அந்த ஒருநாள் மட்டுமல்ல. இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அப்படி நினைத்த வாயால் தேவாரம் பாட எனக்குக் கூச்சமாக இருந்தது. கடவுள் இல்லை என்று சொல்வது அதைவிட லேசாக இருந்தது.

மச்சாள் நேர்த்தி வைத்திருந்தார். தம்பி எழும்பி நடக்க வேண்டும், அதற்காகத் தேரன்று அடியழிப்பது என்று. எங்கள் பக்கத்தில் ஆண்கள் பிரதட்டை செய்து கோயிலைச் சுற்றி உருள்வார்கள். பெண்கள் தேருக்குப் பின்னால் மூன்று அடி வைத்து, முழங்காலில் விழுந்து, நெற்றி நிலத்தில் படக் கும்பிட்டு எழும்பி, மறுபடி மூன்று அடி வைப்பார்கள். நான்கு வீதியும் அப்படியே போக வேண்டும். அதுதான் அடியழிப்பது. மச்சாளுக்கு அப்போது அறுபது தாண்டிவிட்டது. முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. அயலவர் ஒருவரைக் கணவருக்குத் துணையாக இருத்திவிட்டு, தண்ணீர்ச் செம்போடு நானும் கூடப் போனேன். மச்சாள் அந்த மஞ்சள் சேலையை நனைத்து உடுத்தியிருந்தார்.

கிழக்கு வீதியும் தெற்கு வீதியும் எப்படியோ போயின. மேற்கு வீதியில் ஒவ்வொரு முறையும் எழும்ப என் கையைப் பிடித்தார். வடக்கு வீதி திரும்பியபோது வெயில் ஏறிவிட்டது. மணல் கொதித்தது. தேர் எங்களை விட்டு வெகுதூரம் போயிருந்தது. கேணிக்குப் போகும் படலை வாசலுக்கு எதிரே விழுந்தவர் எழும்பவில்லை. மயக்கமாக்கும் என்று பயந்து குனிந்தேன். நெற்றியில் மணலோடு நிமிர்ந்து, கோபுரத்தைப் பார்த்து, தினமும் சொல்கிற அதே குரலில், "முருகா, எனக்கு ஏலாதப்பு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அந்தத் தண்ணியைத் தாரும் ரீச்சர். வீட்டை போவம்" என்றார்.

பின்னால் வந்த ஒரு கிழவி திடுக்கிட்டுப்போனார். "நேர்த்தியைக் குறையிலை விடக்கூடாது பிள்ளை. தம்பிக்கெல்லே வினை" என்றார். மச்சாள் சேலை மணலைத் தட்டிக்கொண்டு, "நேர்த்தி வைச்சது நான்தான் ஆச்சி. ஆனால் இந்த முழங்காலைத் தந்தது அவரெல்லே. அவருக்குத் தெரியாதே?" என்று மெதுவாகச் சொன்னார். படலையடியில் சாய்ந்திருந்து தண்ணீர் முழுவதையும் குடித்து முடித்தார். இன்னும் அரை வீதிதான் மிச்சம்.

வீட்டுக்கு வந்து செம்பைக் கீழே வைக்குமுன்னமே, "மச்சாள், குறையிலை விட்டிட்டு வந்திட்டியள். இவருக்கு ஏதும் நடந்தால்?" என்று கேட்டேன். கேட்டது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீர்தான் கும்பிடுறேல்லையே ரீச்சர். இப்ப ஏன் பயப்பிடுறீர்?" என்றார். நம்பிக்கை இல்லை என்று சொல்லிக்கொண்டு, இத்தனை மாதமும் நான் அவருடைய நம்பிக்கையில் ஏறி இருந்திருக்கிறேன். அவர் இறங்கியதும் எனக்கு நிலம் இல்லாமல் போயிற்று. மச்சாளுக்கு என் முகம் விளங்கியிருக்க வேண்டும். பக்கத்தில் வந்து, "நான் அவரோடை சண்டை பிடிச்சுக்கொண்டு வரேல்லை. ஏலாது எண்டு சொல்லிப்போட்டு வந்தனான். ஏலாத ஆளுக்குத்தானே ஒரு ஆள் வேணும். எல்லாம் ஏலுமெண்டு நிக்கிறவளுக்கு அவர் என்னத்துக்கு?" என்றார். பிறகு பாயைப் போட்டுப் படுத்து, விளக்கு வைக்கும் நேரம்வரை நித்திரை கொண்டார். அவர் எங்கள் வீட்டுக்கு வந்தபின் பகலில் கண் மூடியதை நான் கண்டது அன்றுதான்.

கட்டிற்காலில் எதையாவது கட்டிவிடுங்கள், இடது கையால் பிடித்து எழும்பிப் பழகட்டும் என்று ஆஸ்பத்திரியில் முன்பே சொல்லியிருந்தார்கள். நாங்கள் இன்றைக்கு நாளைக்கு என்று விட்டிருந்தோம். மறுநாள் காலை மச்சாள் அந்தச் சேலையை அலசிக் காயவைத்து, நீளமாகக் கிழித்தார். கோயிலுக்கு உடுத்ததையா கிழிக்கிறீர்கள் என்று கேட்டேன். "பின்னை? முழங்காலும் போச்சு, சேலையும் போச்சு. இதாவது உதவட்டும்" என்று சொல்லிக்கொண்டே முதல் முடிச்சைக் கட்டிற்காலில் இறுக்கினார். காலால் உதைத்துக்கொண்டு இழுத்துப் பார்த்தார்.

ஒரு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் பின்னேரம் நான் பள்ளிக்கூடத்தால் வந்து சேலைகூட மாற்றவில்லை. மச்சாள் தம்பியின் இடது கையில் நடு முடிச்சை வைத்து, "ஏலுமே தம்பி? எட்டி இழு பாப்பம்" என்றார். அவர் இழுத்தார். தோள் ஒரு சாண் எழும்பியது. பிறகு தொப்பென்று விழுந்தார். முகம் கோணி, உதடு நடுங்கி, தொண்டைக்குள் ஏதோ உருண்டது. "ஏ... லா... து" என்றார். எங்கள் இருவருக்கும் ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியதும் மச்சாள் சாமியறைக்கு ஓடினார், அந்த முழங்காலோடு. "முருகா, கேட்டியே, இவனும் சொல்லிப்போட்டான்" என்று அங்கே சிரித்துச் சிரித்து அழுவது கேட்டது. என் வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளை எழுப்பி நிறுத்திய சொல் அது. நான் கதவுநிலையில் குந்தியிருந்து அழுதேன். என் வாழ்க்கையில் அதைவிட இனிமையான சொல்லை நான் கேட்டதில்லை.

என் கணவர் பிறகு எழும்பிக் கட்டிலில் இருந்தார். பொல்லு ஊன்றி விறாந்தைவரை நடந்தார். தோட்டத்துக்கு ஒருநாளும் போகவில்லை. சின்னச் சின்னச் சொற்கள் திரும்பி வந்தன, 'இஞ்சாரும்' மட்டும் வரவில்லை. நேர்த்தி குறையில் நின்றபடியால் சுகமும் பாதியில் நின்றுவிட்டது என்று ஊரில் கதைத்தார்கள். அது எனக்கும் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. மச்சாளிடம் சொன்னபோது, "பாதி எண்டு ஆர் அளந்தது?" என்று கேட்டுவிட்டு வெங்காயம் உரிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு தேருக்கும் அந்தப் படலைக்கு எதிரே போய் நிற்பார். நிலத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வந்துவிடுவார். மிச்ச அரை வீதியைப் பற்றி அவர் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை.

போன வருடம் மச்சாள் போய்விட்டார். இதயம் பலவீனம் என்றார்கள். வார்ட்டில் பக்கத்தில் இருந்து, "பயமா இருக்கே மச்சாள்?" என்று கேட்டேன். "பயமில்லை. களைப்பு" என்றார். பிறகு, "களைப்பெண்டால் களைப்பெண்டு சொல்லலாம்தானே ரீச்சர்" என்றார். அதன்பின் சில வாரங்களில் கணவருக்கு இரண்டாம் முறை வாதம் லேசாக வந்தது. விறாந்தைவரை நடந்த கால் மறுபடி கட்டிலுக்குப் போயிற்று. நான் ஓய்வுபெற்று வீட்டில்தான் இருக்கிறேன். இப்போது முழங்கால் வீங்குவது எனக்கு. சாமியறையில் விளக்கு வைக்க ஆளில்லை என்று நான்தான் வைக்கிறேன். வைத்துவிட்டு, என்ன சொல்வது என்று தெரியாமல் சும்மா நிற்பேன். ஒன்பது வருடத்துக்கு முந்திய அந்த நினைப்பும், பஸ் நிற்காமல் போகட்டும் என்ற நினைப்பும், பழைய இடம் தேடித் திரும்பி வந்திருந்தன.

போன செவ்வாய்க்கிழமை. திருவிழா எதுவும் இல்லை, சாதாரண நாள். விரிப்பு மாற்ற அவரைத் தூக்கினேன். பாதியில் கை விட்டுப்போகப் பார்த்தது. எப்படியோ கட்டிலிலேயே சாய்த்துவிட்டேன். ஆனால் நான் நிலத்தில் சரிந்து இருந்துவிட்டேன். எழும்ப முயன்றேன், முழங்கால் கேட்கவில்லை. சந்தைக்குப் போகும் லொறி ஒன்று வெளியே ஹோன் அடித்துக்கொண்டு போனது. உதவிக்குக் கூப்பிட ஒருவரும் இல்லை. கட்டில் ஓரத்தில் முதுகைச் சாய்த்தபடி, "எனக்கு ஏலாது" என்றேன். யாருக்குச் சொன்னேன் என்று தெரியாது. வாய் மூடவில்லை, அதன் பின்னால் "முருகா" என்பதும் வந்தது. எத்தனை வருடத்துக்குப் பிறகு அந்தப் பெயர் என் வாயில் வந்தது என்று நான் எண்ணவில்லை. வெட்கமாக இல்லை. அழுகை வந்தது, அழுதேன்.

ஏதோ தோளில் தட்டியது. திரும்பிப் பார்த்தேன். அந்தச் சேலையின் நுனி. கட்டிலில் சாய்ந்து கிடந்தவர் இடது கையால் அதை எனக்கு நீட்டிக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "பி... டி... யும்" என்றார். ஒன்பது வருடத்தில் முதல்முறையாக, பழைய மரியாதையோடு.

நடு முடிச்சை அவர் பிடித்திருந்தார். நுனி முடிச்சை நான் பிடித்து எழும்பினேன். கட்டிற்காலில் மச்சாள் போட்ட முடிச்சு அசையவில்லை.