உப்பு போட்ட கிறிஸ்துமஸ் மரம்

சத்துவாச்சாரியில் நான் இப்போது இருக்கும் வீட்டில் கிறிஸ்துமஸ் மரம் பிளாஸ்டிக். வருஷம் முழுக்க லாஃப்டில் அட்டைப்பெட்டிக்குள் படுத்திருக்கும். டிசம்பரில் இறக்கி, தூசி தட்டி, குடை மாதிரி விரித்தால் வேலை முடிந்தது. தண்ணீர் கேட்காது, இலை கொட்டாது, செத்தும் போகாது. எனக்கு அதைக் கண்டாலே ஆகாது. ஆனால் அதை வாங்கிவந்தவளே நான்தான் என்பதால் யாரிடமும் சண்டை போட வழியில்லை.

ஆம்பூரில் நான் வளர்ந்த வீட்டில் நிஜ மரம். நிஜ மரம் என்றால் வாழ்த்து அட்டைகளில் பனிக்கு நடுவே நிற்குமே, அது இல்லை. இந்த வெயில் ஊரில் அதற்கு எங்கே போவது? எங்களுக்குச் சவுக்குக் கிளைதான் கிறிஸ்துமஸ் மரம். பண்டிகை நெருங்கும்போது மார்க்கெட் ஓரத்தில் சவுக்குக் கிளைகளைக் கட்டுக்கட்டாகச் சாய்த்து வைத்திருப்பார்கள். அப்பா ஆளுயரத்துக்கு ஒன்றைப் பொறுக்கி எடுப்பார். மொபெட்டின் பின் சீட்டில் நான் உட்கார்ந்து அதை மடியில் கிடத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். வீடு வந்து சேர்வதற்குள் முகமெல்லாம் குத்துப்பட்டிருக்கும். அதில் எனக்குப் பெருமை வேறு.

மரத்தைக் கொண்டுவந்து போடுவதோடு அப்பாவின் பங்கு முடிந்தது. அதை வாடாமல் வைத்திருப்பது அம்மாவின் இலாகா. அடிக்கட்டையை அரிவாளால் மறுபடி சாய்வாகச் சீவி, பழைய பெயின்ட் வாளியில் நிறுத்தி, சுற்றிலும் அரைச் செங்கல் முட்டுக்கொடுத்து, பாலாற்று மணலை நிரப்புவாள். காலையில் காபிக்கு முன்னால் மரத்துக்குத் தண்ணீர். மணல் ஒருநாள் காய்ந்தாலும் கிளை அதன்பிறகு தண்ணீர் குடிக்காது என்பாள். மேற்கு ஜன்னலைச் சாத்திவிடுவாள். ஹாலில் ஃபேன் போடக் கூடாது; விருந்தாளி வந்து வியர்த்தாலும் விசிறி மட்டையைத்தான் கொடுப்பாள். சீரியல் பல்பைக் கொஞ்ச நேரம் எரியவிட்டு, சூடு தாங்காது என்று அணைத்துவிடுவாள்.

அலங்காரம் அக்காவுடையது. பஞ்சைப் பிய்த்துப் பனி வைப்பாள். எங்கள் வீட்டில் யாரும் பனியைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் எந்தக் கிளையில் எவ்வளவு பனி விழ வேண்டும் என்பதில் எனக்கும் அவளுக்கும் பெரிய சண்டை நடக்கும். தோல் பதனிடும் டேனரிகளின் வாடை ஊரெல்லாம் இருக்கும். அப்பாவின் சட்டையில், பஸ்ஸில், மழைக்குப் பின் தெருவில் என்று எங்கும் அதுதான். கிறிஸ்துமஸ் சமயத்தில் மட்டும் எங்கள் ஹாலில் ஈர மணலும் சவுக்கும் கலந்த வாசனை இருக்கும். கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறும். அந்த வாசனைக்கு இன்றைக்கும் ஏங்குகிறேன்.

அம்மா என்ன பாடுபட்டாலும் மரம் புத்தாண்டைத் தொடுவதே கஷ்டம். புத்தாண்டு ஆராதனை முடிந்து வந்ததும் அதைப் பின்பக்கம் தள்ளி, வெந்நீர் அடுப்பில் சொருகிவிடுவோம். ஒரே ஒரு வருஷம்தான் அது அதற்கு மேலும் நின்றாக வேண்டியிருந்தது. அக்கா வரப்போகிறாள் என்பதால்.

அக்கா மஸ்கட்டில் நர்ஸ். கூட வேலை பார்த்தவரைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள், அப்பா வேண்டாம் என்றார், அவள் பண்ணிக்கொண்டாள். அப்பா கத்தவில்லை, திட்டவில்லை. அவளோடு பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டார். அம்மாவின் செல்லில் அக்கா முகம் தெரிந்தால் போதும், தோட்டத்துக் குழாயில் ஏதோ ஒழுகுகிறது என்று எழுந்து போய்விடுவார். நல்ல குழாய் அது. ஒருநாளும் ஒழுகியதில்லை. பேரன் பிறந்தபோதும் அந்தக் குழாயடியில்தான் நின்றுகொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் அப்போது இருந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அந்த டிசம்பரில் அக்கா போன் செய்து, குழந்தையைக் கூட்டிக்கொண்டு தான் மட்டும் வருவதாகச் சொன்னாள். கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைக்கவில்லை, புத்தாண்டு கழிந்துதான் கிடைத்தது. "மரத்த எடுத்துடாதம்மா. இங்க டேபிள் மேல வெக்கிற குட்டி பிளாஸ்டிக்தான். என் பையன் நம்ம மரத்தப் பாக்கட்டும்" என்றாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் வீடு முழுக்கக் கேட்டது. அப்பா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். மாட்டி முடிக்க வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டார்.

அம்மாவுக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் ஜாஸ்தி. அவ்வளவு தூரத்திலிருந்து வந்து நிற்கும் பெண்ணைப் பார்த்து இந்த மனுஷன் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டால் அவள் இனி இந்த வீட்டுப் படி ஏறமாட்டாள் என்று என்னிடம் சொல்லி அழுதாள். எனக்கும் அதே பயம்தான். அப்பாவிடம் கேட்கும் தைரியம் எங்கள் இருவருக்கும் இல்லை.

அப்பா கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாளிலிருந்து மரத்தைச் சுற்றிச் சுற்றி வர ஆரம்பித்தார். குனிந்து மணலைத் தொட்டுப் பார்ப்பார். கீழே உதிர்ந்ததைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பார். அம்மா தண்ணீர் ஊற்ற வந்தால், தான் ஊற்றிவிட்டதாகச் சொல்லிச் செம்பை வாங்கி வைத்துவிடுவார். அந்த ஹாலில் இருபது வருஷம் மரம் நின்றிருக்கிறது. அவர் அதற்கு ஒரு சொட்டு ஊற்றி நாங்கள் பார்த்ததில்லை. அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். நல்லதுக்குத்தான் என்று விட்டுவிட்டோம்.

விட்டது தப்பாகப் போயிற்று. புத்தாண்டுக்கு முன்பே மரம் நுனியிலிருந்து பழுக்க ஆரம்பித்தது. பக்கத்தில் யாராவது தும்மினால்கூடக் கொட்டியது. இவ்வளவு சீக்கிரம் எந்த வருஷமும் ஆனதில்லையே என்று அம்மா வாளியைச் சுற்றியிருந்த கலர் பேப்பரைப் பிரித்தாள். மணல்மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. ஒரு கிள்ளு எடுத்து நாக்கில் வைத்தாள். சமையலறையில் கல் உப்பு ஜாடி ஏன் காலியாகிக்கொண்டே இருந்தது என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

அப்பாவுக்கு டேனரியில் பச்சைத் தோல் கிடங்கில் வேலை. உரித்த தோல் லாரியில் வந்து இறங்கியதும் உப்பைப் பரப்பி அடுக்க வேண்டும். அடுக்காமல் விட்டால் நாற ஆரம்பித்துவிடும். கெடக்கூடாது என்று நினைக்கும் எதற்கும் உப்பு போடுவது அவருக்குக் கையோடு ஊறிய பழக்கம். ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன் தினமும் வாளியில் ஒரு கை உப்பு போட்டுத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்.

"தோலு உப்புல மாசக்கணக்கா நிக்குது. இது பத்து நாளு நிக்காதா?" என்றார்.

"அது செத்த தோலு. இது தண்ணி குடிக்கிற மரம்" என்றாள் அம்மா.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்மேல் அத்தனை கோபம் வைத்திருந்த எனக்கே அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

வேறு கிளைக்கு அலைந்தார். பண்டிகை முடிந்த மார்க்கெட்டில் யார் சவுக்கு விற்பார்கள்? குடியாத்தம் ரோட்டில் ஒரு தோப்பு உண்டு என்று யாரோ சொல்ல, மொபெட்டை எடுத்துக்கொண்டு அங்கேயும் போனார். தோப்பையே சாரக் கழிக்காக வெட்டி லாரியில் ஏற்றிவிட்டார்களாம். வெறும் கட்டைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

அக்கா வருவதற்கு முந்தின நாள் மத்தியானம் அப்பாவின் தோஸ்த் வந்தார். அதே டேனரியில் தோலுக்குச் சாயம் அடிக்கும் பிரிவில் இருப்பவர். நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். கையில் ஒரு பாட்டில் நிறையப் பச்சைச் சாயம். எங்கள் சர்ச் கொயருக்கே தெரியாத கரோல் பாட்டையெல்லாம் அவர் தன் பாட்டுக்கு முணுமுணுத்துக்கொண்டு, அப்பாவோடு சேர்ந்து மரத்தைப் பின்பக்கம் தூக்கிப்போனார். இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிப்போமே, அந்த பாட்டிலில் சாயத்தை ஊற்றி இருவரும் மாறிமாறி அடித்தார்கள். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். சாயம் கிடைத்தது, அதைப் பிடித்து நிறுத்தும் பசைதான் கிடைக்கவில்லை, அதனால் யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பாய் எச்சரித்துவிட்டுப் போனார். உலகத்தில் எந்தச் சவுக்கும் அப்படி ஒரு பச்சையாக இருந்ததில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் பரவாயில்லை. கிட்டே போனால் ஷூ கடை வாசனை அடித்தது.

மறுநாள் காலை அக்கா டாக்ஸியில் வந்து இறங்கினாள். மெலிந்திருந்தாள். அம்மா கட்டிக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன். அப்பா வெள்ளை வேட்டியும் சர்ச்சுக்குப் போடும் வெள்ளைச் சட்டையுமாக ஹாலில் உட்கார்ந்திருந்தார். முகத்துக்கு நேரே பேப்பர்.

"நல்லா இருக்கியாப்பா?" என்றாள் அக்கா.

பேப்பருக்குப் பின்னாலிருந்து, அம்மாவிடம் டீ போட்டாயிற்றா என்று குரல் வந்தது. அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. அக்கா பெட்டியைச் சுவரோரம் தள்ளி வைத்துவிட்டு, எங்கே உட்காருவது என்று தெரியாத விருந்தாளிபோல நின்றாள். அவள் பிறந்து வளர்ந்த ஹால் அது. பேப்பரைப் பிடுங்கிக் கிழித்துப் போடலாமா என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

நாங்கள் யாரும் குழந்தையைக் கவனிக்கவில்லை. அவன் நேராக மரத்திடம் போய் இரண்டு கையாலும் ஒரு கிளையைப் பிடித்து உருவினான். கொத்தாகக் கையோடு வந்துவிட்டது. அதைக் கீழே போட்டுவிட்டுத் தள்ளாடி வந்து, எதிரே தெரிந்த வெள்ளைச் சட்டையை இரண்டு கையாலும் பிடித்தான். சட்டையில் இரண்டு குட்டிக் கைகள் பச்சையாகப் பதிந்தன. அப்பா பேப்பரை இறக்கினார். குழந்தை அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, விரல்களை வாய்க்குக் கொண்டுபோனான்.

அப்பா பேப்பரை உதறிவிட்டுப் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்தபடியே தலையை நிமிர்த்தி அக்காவைப் பார்த்தார்.

"வாய்ல வெக்கப் போறான், இங்க வா. சோப்பு போடாத, சாயம் போவாது. தேங்கா எண்ணெ எடுத்தாந்து தடவு" என்றார்.

கல்யாணத்துக்குப் பிறகு அவர் அக்காவிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"சரிப்பா" என்றாள் அக்கா. எண்ணெய் பாட்டில் எங்கே இருக்கும் என்று அவள் யாரையும் கேட்கவில்லை. எடுத்துவந்து அப்பாவின் காலடியில் உட்கார்ந்து, ஒவ்வொரு விரலாக எண்ணெய் தடவி, பழைய துணியால் துடைத்தாள். நகத்தோரம் விடாதே என்றார் அப்பா. அவள் துடைத்தாள். கை சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள். அப்பாவும் பிடித்த மணிக்கட்டை விடவில்லை.