ஆறு வயதும் ஆறு நாளும்

ராயம்மாளுக்குக் கல்யாணமானது 1961 ஜனவரியில். மகள் தெரசா பிறந்தது, கோவில் ஞானஸ்நானப் பதிவேட்டின்படி, 1962 ஜனவரியில். பள்ளிக்கூடப் பதிவேட்டின்படி 1961 ஜூன் முதல் தேதி, அதாவது கல்யாணமான ஐந்தாம் மாதம். இரண்டில் எது சரி என்று ராயம்மாளுக்குத் தெரியும், பெற்றவள் அவள்தானே. ஆனால் தீர்ப்பு சொன்னவர்கள் அவளைத் தவிர மற்ற எல்லாக் காகிதங்களையும் கேட்டார்கள்.

இண்டூருக்குப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடியிருப்பு ஒன்றில் அவளுக்கு வீடும், மழையை நம்பிய ஒன்றரை ஏக்கர் கடலைக் காடும் இருந்தன. புருஷன் யாகப்பன் பதினோரு வயதில் அப்பனோடு மலேயாவுக்குக் கப்பலேறி, ரப்பர் தோட்டத்திலேயே வளர்ந்தவன். நீளமான கைக்காரன். மற்றவர்கள் ஏணி தேடுகிற உயரத்தில் அவன் நின்றபடியே மரத்தைச் சீவுவான் என்று பேர். கல்யாணத்துக்கென்று ஊருக்கு வந்து ஒன்றரை வருஷம் தங்கி, தெரசா ஐந்து மாதக் குழந்தையாக இருந்தபோது, 1962 ஜூன் இருபதாம் தேதி திரும்பிப் போனான். வீடு கிடைத்ததும் இருவரையும் அழைத்துக்கொள்வதாக ஏற்பாடு.

வீடு கிடைக்க நான்கு வருஷம் ஆயிற்று. வீடு இருந்தால்தான் மனைவிக்குப் பர்மிட் என்றது மலேயா சர்க்கார். மனைவி வந்தால்தான் வீடு என்றார் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி. இருவரும் சொன்னது நியாயம்தான், தனித்தனியாகப் பார்த்தால். இதற்கிடையில் சட்டத்தில் இன்னும் இரண்டு நியாயங்கள் இருந்தன. ஐந்து வருஷம் புருஷனைப் பிரிந்திருந்தவள் மனைவியாகச் சேர முடியாது. ஆறு வயது தாண்டிய பிள்ளை பிள்ளையாகச் சேர முடியாது. பிரித்து வைப்பதும் பிரிந்திருந்ததற்குத் தண்டிப்பதும் ஒரே மேஜையில் நடந்ததால் அலைச்சல் மிச்சம்.

1966இல் வானம் இரண்டாம் வருஷமாக ஏமாற்றியது. காட்டில் கடலை முளைக்கவில்லை, பள்ளிக்கூடத்தில் மட்டும் மத்தியானம் உப்புமா போட்டார்கள். ராயம்மாள் நாலரை வயதுப் பெண்ணை இழுத்துக்கொண்டு போனாள். ஹெட்மாஸ்டர் குப்புராஜ் பெரிய நோட்டைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றி, வழக்கமான பரீட்சையை வைத்தார். வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது. அந்த வட்டாரத்தில் பாதிப் பேரின் வயது இப்படித் தீர்மானமானதுதான். தெரசாவுக்கு அப்பனுடைய கை. காதைத் தொட்டதோடு நிற்காமல் மடலைப் பிடித்து இழுத்தும் காட்டினாள்.

"அஞ்சு முடிஞ்சிருச்சு" என்று சொல்லி, எல்லாப் பிள்ளைகளுக்கும் போடுகிற ஜூன் முதல் தேதியை அவளுக்கும் போட்டார். கல்யாணத் தேதியை அவர் கேட்கவில்லை. உப்புமா ஆறிவிடுமே என்ற கவலையில் ராயம்மாளும் சொல்லவில்லை.

மறு வருஷம் பாஸ்போர்ட் வந்தது. தர்மபுரி தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிப் பிழைத்த மாதையன்தான் எல்லாப் பாரத்தையும் நிரப்பியவர். இரண்டு தேதிகளையும் கேட்டுவிட்டுச் சிறிது நேரம் சிரித்தார்.

"ஏம்மா, சாமியார் குடுத்த சீட்ட மட்டும் காட்டுங்க. பள்ளிக்கூடம்னு வாயே தொறக்கக் கூடாது."

"நான் தொறக்க மாட்டனுங்க."

"நீங்க தொறக்க மாட்டீங்க. இந்தக் குட்டி?"

மூன்று நாள் தெரசாவுக்குப் பாடம் நடந்தது. யார் என்ன கேட்டாலும் பேசக் கூடாது. ஊமையாக இருந்தால் கப்பலில் அப்பாவிடம் போகலாம்.

சென்னையில் அவர்கள் மலேயாவுக்குப் பர்மிட் தரும் ஆபீஸின் படியேறியது 1967 ஜூன் ஏழாம் தேதி. கப்பல் பதினொன்றாம் தேதி. ஐந்து வருஷக் கெடு முடிய இன்னும் பதின்மூன்று நாள். அக்கரைத் துரை ஒருவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மொழிபெயர்க்கத் தமிழ்க் குமாஸ்தா. ஞானஸ்நானச் சீட்டைத் துரை படித்தார். ஐந்து வயது ஐந்து மாதம். தலையாட்டினார். குமாஸ்தா பெரிய நோட்டைத் திறந்து பேனா மூடியைக் கழற்றினார்.

அவ்வளவுதான். தெரசா ஓரடி முன்னால் வந்தாள். நிமிர்ந்து நின்று, வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து, இடது காதைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். வாயை மட்டும் இறுக மூடியிருந்தாள்.

துரைக்கு ஒன்றும் புரியவில்லை. தமிழ்க் குமாஸ்தாவுக்குப் புரிந்தது. அவரும் ஒரு காலத்தில் காதைத் தொட்டுப் பள்ளிக்கூடம் சேர்ந்தவராக இருக்க வேண்டும்.

"எந்தக் கிளாஸ் பாப்பா?"

தெரசா பேசவில்லை. சொன்ன சொல் தவறாத பிள்ளை. இரண்டு விரலைக் காட்டினாள்.

பள்ளிக்கூடத்துக்குத் தந்தி போயிற்று. மறுநாளே பதில் வந்தது. ஒரு மனுவுக்குப் பதினோரு மாதம் பதில் சொல்லாத நாட்டில், இந்த ஒரு கேள்விக்கு மட்டும் ஒரே நாளில். அந்தப் பதிலின்படி தெரசாவுக்கு முந்தின தினம் ஆறு வயது ஆறு நாள். துரை கல்யாணப் பதிவையும் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். குமாஸ்தா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"புள்ளைக்கு ஆறு முடிஞ்சிருச்சு. அப்படின்னா... கல்யாணத்துக்கு முந்தியே உண்டானதான்னு கேக்கறாரு."

"ரெண்டும் இல்லீங்க. கை நீளம், அவ்வளவுதான்" என்றாள் ராயம்மாள்.

இதை மொழிபெயர்க்க வழி தெரியாமல் குமாஸ்தா விட்டுவிட்டார். "உங்களுக்குப் பர்மிட் உண்டும்மா. இருபதாம் தேதிக்குள்ள போயி எறங்கிடணும். புள்ளைக்கு இல்ல. யாராச்சும் சொந்தக்காரங்ககிட்ட வுட்டுட்டுப் போங்க."

"உங்களுக்குப் புள்ளைங்க இருக்குதுங்களா?"

"ரெண்டு."

"இன்னிக்கு எங்க வுட்டுட்டு வந்தீங்க?"

"வூட்லதான். அவங்க அம்மாகிட்ட."

"அதத்தான் நானும் செய்யணுங்கறேன்" என்று சொல்லி மகளின் கையைப் பிடித்தாள்.

ஊர் வந்ததும் முதல் வேலையாகக் குப்புராஜிடம் போனாள். கெடுவுக்குப் பத்து நாள் பாக்கி.

"தேதியத் திருத்திக் குடுங்க சார். உங்களுக்கே தெரியுமில்ல?"

"தெரியும் ராயம்மா. திருத்தினா, நாலு வயசுப் புள்ளைய எப்படிச் சேத்தே, ஒரு வருஷம் எப்படி உப்புமா போட்டேன்னு கேப்பாங்க. ரிகார்டுல ஏறினது ஏறினதுதான்."

"அப்ப நான் பெத்தது?"

"அது ரிகார்டுல இல்லியே" என்றார் குப்புராஜ். கெட்ட மனிதர் இல்லை. மறுநாள் தெரசாவுக்கு உப்புமா இரண்டு கரண்டி கூடுதலாக விழுந்தது.

இருபதாம் தேதி ராயம்மாள் கடலை விதைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் விடிந்தபோது அந்த நாட்டுச் சட்டப்படி அவள் யாருக்கும் மனைவி இல்லை. இந்தச் செய்தி தெரியாமல் யாகப்பன் வழக்கம்போல் மாதாமாதம் கடிதம் போட்டுக்கொண்டிருந்தான். ஒன்றில், தனக்குக் கிடைத்த தோட்டத்து வீட்டைக் கிராணி திரும்பப் பிடுங்கிக்கொண்டதாக எழுதியிருந்தான். மனைவி வரவில்லையே.

பிறகு 1970. சிவப்பு அட்டைக்காரர்கள், அதாவது அந்த நாட்டுக் குடிகள் அல்லாதவர்கள், வேலை பார்க்கத் தனி அனுமதி வாங்க வேண்டும் என்றார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் அந்த மரங்களைச் சீவியவன் அந்நியன் என்று கண்டுபிடிக்கப்பட்டான். அனுமதி கிடைக்கவில்லை. தர்மபுரி பஸ் நிலையத்தில் ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கினான். ஊரில் குடியிருப்பதற்கு அத்தாட்சி கொடு, ரேஷன் சர்க்கரைக் கார்டில் பேர் சேர்க்கிறோம் என்று தாலுகா ஆபீஸ் சொன்னது. கார்டுதான் அத்தாட்சி என்று வேறொரு மேஜை சொன்னது. அதற்கும் மாதையன்தான் மனு எழுதினார். ஆக, எட்டு வருஷம் சேர விடாமல் தடுத்த சட்டமே கடைசியில் குடும்பத்தைச் சேர்த்து வைத்தது. அதற்கு அவர்கள் யாருக்கு நன்றி சொல்வது என்று எந்தப் பாரத்திலும் கட்டம் இல்லை.

வந்த அன்று சாப்பிட்டு முடித்த பிறகு யாகப்பன் கேட்டான். "அன்னிக்கு உனக்குப் பர்மிட் குடுத்தாங்கல்ல. நீயாவது வந்திருக்கலாமே ராயி?"

"வந்திருந்தா? இப்ப ரெண்டு பேரையும் சேத்து வெரட்டியிருப்பாங்க. பெட்டி ஒண்ணு அதிகமாத் தூக்கியிருப்பீங்க."

தெரசா உயர மாடத்தில் இருந்த தண்ணீர்ச் சொம்பை முக்காலி இல்லாமலே எட்டி எடுத்து அப்பன் முன்னால் வைத்தாள். யாகப்பன் அந்தக் கையைப் பிடித்துத் தன் கையோடு சேர்த்து வைத்துப் பார்த்தான். முழங்கை, மணிக்கட்டு, நீண்ட விரல்கள்.

"புள்ள யாருதுன்னு கேட்டாங்களாமே" என்றான்.

"கேட்டாங்க" என்றாள் ராயம்மாள். "அவ காட்டத்தான் செஞ்சா. பாக்கத் தெரியல அவங்களுக்கு."