ஓடையில் போன குடல்

ஃபார்கர் மெக்ரே எதையும் மூன்று முறை சொல்வார். முப்பத்தோரு வருடமாக மலைமேல் மான் வேட்டைக்கு ஆட்களைக் கூட்டிப்போகிறவர். மூன்று முறை சொன்னாலும் ஒரு முறைகூடக் காதில் ஏறாது என்று அவருக்குத் தெரியும்.

எங்கள் வேட்டை எஸ்டேட்டில் புதியவர்களுக்கு மூன்று நாள் பயிற்சி நடத்துவது அவர்தான். சுட்ட மானை உரித்துத் தொங்கவிடும் அறை என் பொறுப்பு. வகுப்பு பக்கத்துக் கொட்டகையில் நடப்பதால் எல்லாம் எனக்குக் கேட்கும்.

முதல் நாள் துப்பாக்கியைத் தொடவே மாட்டார். காற்று எந்தப் பக்கம், மானுக்குப் பின்னால் குண்டைத் தாங்க மண் இருக்கிறதா வெறும் வானமா, சுட்டபின் எழுந்து ஓடாமல் எவ்வளவு நேரம் படுத்திருக்க வேண்டும், இவைதான். கடைசியில் குடல். அதை எடுத்துப் பக்கத்தில் வைத்து, ஓரங்களில் நெறி கட்டி வீங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கட்டியிருந்தால் மானுக்கு நோய். பார்த்தவர் கையெழுத்திட்ட அட்டை இல்லாத மானைக் கறி லாரி ஏற்றாது.

செப்டம்பரில் வந்தவர்களில் அலஸ்டர் என்ற எடின்பரோ வக்கீல் ஒருவர். குடல் பாடத்தின்போது தன் தொலைநோக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் அவர் ஒரு கலைமானைச் சுட்டார். ஒரே குண்டு, குறை சொல்ல முடியாது. வயிற்றை எப்படிக் கிழிப்பது என்று காட்டிவிட்டு, மானைச் சுமக்கக் குதிரையைக் கூட்டிவர ஃபார்கர் முட்டி வலியோடு கீழே இறங்கினார். குடலைப் புல்மேல் வைத்திருக்கும்படி மூன்று முறை சொன்னார். அதைப் பிறகு அலஸ்டரே ஒத்துக்கொண்டார்.

மூன்று மணிக்கு மான் என் கொக்கியில் தொங்கியது. லாரி நான்கு மணிக்கு. நான் அட்டையை நீட்டினேன். ஃபார்கர் வாங்கவில்லை.

"குடல் எங்கன்னு அவர கேளு, இஷ்பெல்."

நான் கேட்கவில்லை. அலஸ்டரே சொன்னார்.

"ஓடையில தள்ளிட்டேன். ஈ மொய்ச்சுது, சுத்தமா இருக்கட்டும்னு."

"கீழ நாலு வீட்டுக்காரங்க அந்தத் தண்ணியத்தான் குடிக்கிறாங்க, வக்கீல் சார்."

"தப்புதான். ஆனா மான் கொழுகொழுன்னு இருக்கே. ஈரல், நுரையீரல் எல்லாம் நீங்களே பாத்தீங்க."

"பாத்தேன். நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது நல்ல மான்தான்."

"அப்புறமென்ன, போட்டுடுங்க."

"பாக்காதத பாத்தேன்னு நீங்க கோர்ட்டுல கையெழுத்துப் போடுவீங்களா?"

அலஸ்டர் தரையைப் பார்த்தார். "இது என் முதல் மான், ஃபார்கர்."

"அந்த மானுக்கு இது கடைசி நாள். அதயும் கொஞ்சம் நெனச்சிருக்கலாம்."

அலஸ்டர் குடலைத் தேடி ஓடைக்கு ஓடினார். முந்தைய இரவு பெய்த மழையில் ஓடை பொங்கிப் போய்க்கொண்டிருந்தது. தொடை வரை நனைந்து வெறுங்கையோடு திரும்பியபோது லாரி வந்து நின்றிருந்தது. டிரைவர் முந்தைய நாள் மான்கள் இரண்டையும் ஏற்றிவிட்டு மூன்றாவதைப் பார்த்தார்.

"இது வரலையா? நல்ல பெருசா இருக்கே."

ஃபார்கர் தலையாட்டி மறுத்தார். அட்டை இன்னும் என் கையில்தான் இருந்தது. அதை அப்படியே இழுப்பறையில் வைத்தேன்.

எண்பது கிலோவுக்குக் குறையாது அந்த மான். குடல் பார்க்காத மானை யாரும் தின்னக் கூடாது என்பதால் கொட்டகைக்குப் பின்னால் குழி வெட்டினார்கள். ஃபார்கர் இரண்டாவது மண்வெட்டியை அலஸ்டரிடம் கொடுத்தார். மூன்று முறை சொல்கிறவர் ஒரு முறைகூடப் பேசாமல் இருந்ததை அன்றுதான் பார்த்தேன். கல் மண். வெட்டி முடிக்க இருட்டாகிவிட்டது.

திங்கட்கிழமை புதிதாக நான்கு பேர் வந்தார்கள். ஊற்றிய டீ ஆறும் முன்னே ஒருவர் கேட்டார்:

"மொதல்ல எந்தத் துப்பாக்கி வாங்கறது நல்லது?"

ஃபார்கர் கண்ணை மூடிக்கொண்டு, காற்றிலிருந்து ஆரம்பித்தார்.