மேற்குச் சுவரில் ஏறிய கொடி

இஸ்திரி அக்கா என்றால் அந்தத் தையல் கம்பெனியில் தெரியாத ஆளே கிடையாது. பத்தொன்பது வருஷமாகச் சட்டை தேய்க்கிறாள். வாயும் இஸ்திரிப் பெட்டி மாதிரிதான், தொட்டால் சுடும். இஸ்திரி அறை மேற்குப் பார்த்தது. கோடையில் மூன்று மணிக்குச் சுவரில் முதுகைச் சாய்க்க முடியாது. போன கோடையில் இரண்டு பெண்கள் மயங்கியே விழுந்தார்கள். முதலாளி வந்து பார்த்துவிட்டு, "அடுத்த கோடையிலயும் இப்படின்னா தேய்க்கிற வேலையை வெளியில குடுத்துடுவேன். எட்டு பேரும் வேற இடம் பாத்துக்குங்க" என்றார். அட, வெயில் அடித்தால் அதற்குப் பெண்களா பொறுப்பு?

அந்த எட்டுப் பேரில் ஐந்து பேர் வீட்டில் அடுப்பு எரிவதே இந்தச் சம்பளத்தில்தான்.

அந்தச் சுவரின் ஒரு மூலையில்தான் எல்லோரும் சாப்பாட்டு டப்பாவை வைப்பார்கள். அங்கே வைத்தால் சோறு ஊசிப்போகாது. ஏன் என்று யாரும் யோசித்ததில்லை. அக்கா ஒரு நாள் வெளிப்பக்கம் சுற்றிப்போய்ப் பார்த்தாள். குழாயடியில் தானாக முளைத்த ஒரு கொடி, அந்த மூலையை மட்டும் பச்சையாக மூடியிருந்தது.

"அடடா, இத்தனை வருஷமா என் கண்ணு எங்க போச்சு!"

மறுநாளே கொடியை ஒடித்துப் பழைய பெயின்ட் டப்பாக்களில் நட்டாள். வேரும் பிடித்தது. தண்ணீரை வீணாக்குவானேன் என்று இஸ்திரிக்கு நீராவி தரும் பாய்லரில் வடித்த நீரை ஊற்றினாள். விரல் விட்டுத்தான் பார்த்தாள், வெதுவெதுப்பாக இருந்தது. மூன்றே நாளில் அத்தனையும் வெந்து கருகின. பெட்டி பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன விரலுக்குக் கொதிநீரும் வெதுவெதுப்புதான் என்று அப்போதுதான் உறைத்தது. பக்கத்து மேஜைக் கண்ணாடிக்காரி விடுவாளா?

"செடிக்கும் இஸ்திரி போட்டுட்டியேக்கா!"

"சிரிடி, சிரி. வேலை போனா ரெண்டு பேரும் சேர்ந்தே சிரிப்போம்."

மறுபடி நட்டாள். இந்த முறை குழாய்த் தண்ணீர். கொடி ஒட்டினால் சுவரில் ஈரம் ஊறும் என்று முதலாளி முறைத்தார். சரி என்று ஒரு சாண் தள்ளிக் கம்பி இழுத்து, வெட்டி எறிந்த துணி நாடாக்களால் கொடியைக் கட்டினாள். ஞாயிற்றுக்கிழமையும் வந்து தண்ணீர் ஊற்றினாள்.

"என்னை என்னிக்காவது இப்படிப் பாத்திருக்கியா?" என்றார் அவள் வீட்டுக்காரர்.

"நீங்களும் நிழல் குடுங்க, பாத்துக்கறேன்."

கொடி ஏறியது பாருங்கள்! மழை ஓய்வதற்குள் ஜன்னல் உயரம், குளிர் விலகும்போது கூரை மட்டம்.

கோடையும் வந்தது. முதலாளிக்கு நம்பிக்கை இல்லை. சட்டை மூட்டைகளை வெளியில் தேய்க்க ஏற்றிப்போக வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, சரியாக மூன்று மணிக்கு இஸ்திரி அறைக்குள் நுழைந்தார். எட்டுப் பேரும் தலை நிமிராமல் தேய்த்தார்கள்.

அவர் சுவரில் கை வைத்தார். எடுக்கவில்லை. அடுத்த கையையும் வைத்தார். பிறகு முதுகையே சாய்த்து நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"என் ரூம்கூட இப்படி இல்லையே."

"உங்க ரூமும் மேற்குதான் சார். சொன்னீங்கன்னா நாலு டப்பா வெச்சுடலாம்."

முதலாளி வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "டிரைவர்! நீ கிளம்புப்பா. இவங்க இங்கயே தேய்ப்பாங்க."

எட்டுப் பேரும் போட்ட கூச்சலில் தையல் மெஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன. ஜெயித்துவிட்டாள்! சந்தோஷத்தில் பெட்டியைத் தூக்க மறந்து நின்றாள் அக்கா. புகை வந்தது. பத்தொன்பது வருஷத்தில் அவள் கருக்கிய முதல் சட்டை.

"போனாப் போகுது விடும்மா" என்றார் முதலாளி.